சி மொழியில் ஸ்டிரிங்: காரைக்குடிப் பசங்க அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் பலகாரக் கடைகளுக்கு பில் மெஷின், லேபிள் மெஷின் மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. எல்லாமே சி மொழிதான், ஏனென்றால் அந்தச் சின்ன போர்டில் வேறு எதுவும் வசதியாக உட்காராது. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரிப் பசங்க சிலர் லேப்டாப்போடு வந்து உட்கார்வார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளில் பாதிக்கு மேல் ஸ்டிரிங்கை, அதாவது எழுத்துத் தொடரைப் பற்றித்தான், அதிலும் தமிழ் ஸ்டிரிங் என்றால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொரு வாரமும் அதையே சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் ஒரேயடியாக எழுதி வைக்கிறேன். ஃபங்ஷன் பெயர்களை நாம் வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன், ஸ்டர்லென், ஸ்டர்காப்பி என்று.

அண்ணே, சி மொழியில் ஸ்டிரிங் என்று ஒரு டைப்பே இல்லையாமே, நிஜமா?

நிஜம்தான். இருப்பது வரிசையாக பைட்டுகள், கடைசியில் மதிப்பு 0 உள்ள ஒரு பைட், அவ்வளவே. அந்த 0 பைட்டுக்கு நல் என்று பேர். ஸ்டிரிங் என்று நீங்கள் கையில் வைத்திருக்கும் பாயின்டர் முதல் பைட்டின் இடத்தை மட்டும் சொல்லும். எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது, கம்பைலருக்கும் தெரியாது, நடந்து போய்த்தான் பார்க்கவேண்டும்.

நம்ம ஊர்ப் பெரிய வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பில் நுழைந்து வளவு, இரண்டாம் கட்டு என்று நடந்துகொண்டே போகிறீர்கள், பின்கதவு சாத்தியிருந்தால் அங்கே நின்றுவிடுவீர்கள். நீளத்தை எண்ணும் ஃபங்ஷனான ஸ்டர்லென் செய்வது இந்த நடைதான். பின்கதவை யாரோ சாத்த மறந்திருந்தால் நீங்கள் பாட்டுக்கு அடுத்த தெருவில் இறங்கி எதிர்வீட்டுக்குள்ளும் நடந்து போவீர்கள், அங்கே எங்காவது ஒரு 0 தட்டுப்படும் வரை. சி மொழியில் ஸ்டிரிங் தொடர்பான பிழைகளில் பெரும்பாலானவை இந்தக் கதவுக் கதைதான்.

நீளத்தையும் சேர்த்து வைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

வைத்துத்தான் பார்த்தார்கள். சி மொழிக்குப் பாட்டன் முறையான பிசிபிஎல் மொழியில் முதல் பைட்டிலேயே நீளம் இருந்தது. ஒரு பைட்டுக்குள் 255க்கு மேல் எண்ண முடியாது, அதனால் ஸ்டிரிங்கும் அதற்கு மேல் நீள முடியாது. அடுத்து வந்த பி மொழியில் நீளத்தை எடுத்துவிட்டு முடிவுக்குறி ஒன்றை வைத்தார்கள், சி அதை வாரிசாக வாங்கிக்கொண்டது. நீள வரம்பு பிடிக்கவில்லை, அதோடு எண்ணிக்கையைப் பராமரிப்பதைவிட முடிவுக்குறி வசதியாக இருந்தது என்று சி மொழியை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சியே பிற்பாடு எழுதியிருக்கிறார். 1970களின் மெமரி அளவுக்கு அது நியாயமான கணக்கு. இன்றைக்கு எழுதும் நீங்கள் நீளத்தைத் தனியாக ஒரு மாறியில் கூடவே கொண்டுபோங்கள், யாரும் தடுக்கவில்லை. என் சொந்தக் கோடில் எந்த ஃபங்ஷனும் பாயின்டரை மட்டும் தனியாக வாங்காது, பஃபரின், அதாவது எழுதுவதற்கு ஒதுக்கிய இடத்தின், அளவையும் சேர்த்துத்தான் வாங்கும்.

'காரைக்குடி' என்று கொடுத்தால் ஸ்டர்லென் 30 என்கிறது. 5 எழுத்துதானே?

ஸ்டர்லென் எழுத்தை எண்ணுவதில்லை, பைட்டை எண்ணுகிறது. நீங்கள் 5 என்கிறீர்கள்: கா, ரை, க், கு, டி. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடுக்கு அது 10 குறிகள்: க, கால், ர, ஐகாரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி, ட, இகரக் குறி. அந்தக் குறிகளை பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் பிடிக்கும், ஆகவே 30. நல்லுக்கு ஒன்று சேர்த்தால் 31 பைட் இடம் வேண்டும்.

பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். 'க்' என்ற ஒற்றை எழுத்தை பைட் பைட்டாக அச்சடித்தால் 224, 174, 149, 224, 175, 141, அப்புறம் 0 என்று வரும். முதல் மூன்று க, அடுத்த மூன்று புள்ளி. 'கெ' என்று எழுதும்போது கொம்பு கண்ணுக்கு இடப்பக்கம் தெரிந்தாலும் மெமரியில் க முதலில், கொம்பு பிறகுதான். இந்த ஒரு விஷயம் தெரியாமல் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பையனை எனக்குத் தெரியும். (நான்தான்.)

யூடிஎஃப்-8ஐ 1992 செப்டம்பரில் கென் தாம்சனும் ராப் பைக்கும் உருவாக்கினார்கள், நியூஜெர்சியில் சாப்பிடப்போன இடத்தில் மேசைத் தாளில் எழுதிப் பார்த்ததாம். அதில் நமக்கு ஒரு பெரிய உபகாரம், எந்தத் தமிழ் எழுத்தின் நடுவிலும் 0 பைட் வராது. அதனால்தான் 1970களில் எழுதிய ஸ்டர்காப்பி இன்றைக்குத் தமிழையும் சேதமில்லாமல் நகல் எடுக்கிறது.

சரி, பஃபரை எவ்வளவு பெரிதாக வைப்பது?

பெயருக்கு 32 போதும் என்று பாடப்புத்தகத்துக் கை தானாக எழுதும். நம்ம ஊரில் அது செல்லாது. நகரத்தார் வீடுகளில் விலாசம் என்று நாலைந்து இனிஷியல் வரிசையாக வருமே, சும்மா ஒரு மாதிரிக்கு 'பழ.அரு.ராம.சித.' என்று எண்ணிப் பாருங்கள்: 7, 10, 10, 10, மொத்தம் 37 பைட். இன்னும் பெயரே ஆரம்பிக்கவில்லை, 32 தாண்டிவிட்டது. எழுத்துக்கு ஒரு பைட் என்ற நினைப்பில் யாரோ எங்கோ உட்கார்ந்து வைத்த அளவு அது.

நான் வைத்திருக்கும் வழி இது. அளவு முன்கூட்டியே தெரியாத இடத்தில் கொடுத்த அளவைத் தாண்டாமல் எழுதும் எஸ்என்பிரின்ட்எஃப்பை முதலில் பஃபர் இல்லாமல், அளவு 0 என்று கூப்பிடுங்கள், எத்தனை பைட் தேவைப்படும் என்று திருப்பிச் சொல்லும். அதில் நல் சேர்ந்திருக்காது, ஒன்று கூட்டி மேலாக் மூலம் அவ்வளவு மெமரி வாங்கி இரண்டாம் முறை கூப்பிட்டு எழுதுங்கள். ஒன்று கூட்ட மறப்பதுதான் உலகத்திலேயே அதிகம் பேர் செய்த தப்பு. மறக்காதீர்கள் என்று சொல்லிப் பிரயோஜனமில்லை, மறப்பீர்கள், அதற்கான மருந்து கீழே இருக்கிறது.

ஸ்டர்காப்பி ஆபத்து, நடுவில் 'என்' என்ற எழுத்தைச் சேர்த்த ஸ்டர்என்காப்பியைப் போடு என்று சொல்லிக்கொடுத்தார்களே?

சொல்லிக்கொடுத்தவர்மேல் தப்பில்லை, அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அது பாதுகாப்புக்காகப் பிறந்த ஃபங்ஷன் இல்லை. பழைய யூனிக்ஸில் கோப்புப் பெயருக்கு 14 பைட் கட்டம் இருந்தது. பெயர் சின்னதாக இருந்தால் மீதியை 0 போட்டு நிரப்பவேண்டும், சரியாக 14 இருந்தால் நல் தேவையில்லை. அந்த வேலைக்கு வந்ததுதான் ஸ்டர்என்காப்பி. ஆகவே இடம் நிறைந்துபோனால் நல் போடாமல் வந்துவிடும். பின்கதவு திறந்தே கிடக்கும்.

இதில் நான் பட்டது ஒரு தீபாவளிக்கு. ஒரு பலகாரக் கடை லேபிள் மெஷினில் பொருள் பெயருக்கு 32 பைட், அதை ஒட்டி அடுத்த கட்டத்தில் அலகு, கிலோ அல்லது எண்ணம். கந்தரப்பம் 30 பைட், நல்லோடு 31, அடங்கிவிட்டது. மனகோலம் 21தான். எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் கடை ஆச்சி போன் போட்டு, "தம்பி, என்னப்பா இது, டப்பாவுல வெள்ளைப் பணம்ங்குற மாதிரி வருது, கறுப்புப் பணம் எங்கேன்னு வந்தவுக சிரிக்கிறாக" என்றார். போய்ப் பார்த்தால் லேபிளில் 'வெள்ளைப் பண', அதையடுத்து ஒரு வெற்றுக் கட்டம், அதையடுத்து 'கிலோ'.

'வெள்ளைப் பணியாரம்' மொத்தம் 49 பைட். வெள்ளைப் என்பது 24, இடைவெளி 1, ப 3, ண 3, ஆக 31. முப்பத்திரண்டாவது பைட்டாக இகரக் குறியின் முதல் பைட்டான 224 மட்டும் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது, அத்தோடு கட்டம் நிறைந்தது, நல் இல்லை. தனியாக நின்ற அந்த 224தான் வெற்றுக் கட்டமாக அச்சானது. நல் இல்லாததால் பிரின்ட் செய்யும் ஃபங்ஷன் நிற்காமல் அடுத்த கட்டத்து 'கிலோ'வையும் படித்துவிட்டு, அங்கிருந்த நல்லைப் பார்த்த பிறகே நின்றது.

சரி என்று ஸ்டர்என்காப்பியைத் தூக்கிவிட்டு எஸ்என்பிரின்ட்எஃப் போட்டேன். அது 31 பைட் எழுதி நல்லும் போடும். வெற்றுக் கட்டம் போயிற்று, பின்னால் ஒட்டிய கிலோ போயிற்று. வெள்ளைப் பண மட்டும் அப்படியே இருந்தது! இடத்தைத் தாண்டாமல் இருப்பது ஒரு பிரச்சினை, எழுத்தை ஒழுங்காக வெட்டுவது வேறொரு பிரச்சினை என்று அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

எஸ்என்பிரின்ட்எஃப் வேகம் போதாது என்பவர்களுக்கு ஸ்டர்எல்காப்பி இருக்கிறது. 1998ல் ஓப்பன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் வந்தது, நல்லை மறக்கவே மறக்காது, மூலத்தின் முழு நீளத்தையும் திருப்பிச் சொல்லும். லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சிக்குள் வர 2023 ஆயிற்று, அதற்குள் இரண்டு தலைமுறைப் பசங்க படிப்பை முடித்துவிட்டார்கள்.

அப்படியானால் தமிழை எங்கேதான் வெட்டுவது?

இரண்டு படி. முதல் படி பைட் அளவில். யூடிஎஃப்-8ல் ஒரு குறியின் தொடர்ச்சியாக வரும் பைட்டுகள் எல்லாம் 128 முதல் 191க்குள்தான் இருக்கும். நீங்கள் வெட்ட நினைக்கும் இடத்தில் இருக்கும் பைட் அந்த எல்லைக்குள் இருந்தால் குறியின் நடுவில் நிற்கிறீர்கள், ஒவ்வொன்றாகப் பின்னால் வாருங்கள், அதிகம் போனால் இரண்டு அடி.

இரண்டாவது படி தமிழுக்கானது, இதைப் பெரும்பாலான புத்தகங்கள் சொல்வதில்லை. வெட்டும் இடத்தில் தொடங்கும் குறி கால், கொம்பு, புள்ளி மாதிரி ஒட்டுக்குறியாக இருந்தால் முந்தைய மெய்யையும் சேர்த்து விட்டுவிடவேண்டும். ஒட்டுக்குறியை அடையாளம் காண்பது சுலபம்: 224, 174 என்று தொடங்கி மூன்றாவது 190 அல்லது 191, இல்லையென்றால் 224, 175 என்று தொடங்கி மூன்றாவது 128 முதல் 141 வரை. தனியாக 224, 175, 151 என்றொரு ஔகார நீட்டல் குறியும் உண்டு. பணியாரத்தில் முப்பத்தோராவது பைட்டோடு வெட்டலாம் என்று பார்த்தால் அடுத்து நிற்பது இகரக் குறி, ஆகவே ணவையும் விட்டு 28 பைட்டில் நிறுத்தி 'வெள்ளைப் ப' என்று வரும். அழகில்லைதான், ஆனால் பொய்யான வார்த்தை இல்லை. அந்தக் கடைக்குப் பெயர்க் கட்டத்தை 96 ஆக்கிவிட்டு, இந்த வெட்டும் ஃபங்ஷனையும் வைத்துவிட்டு வந்தேன்.

இரண்டு ஸ்டிரிங்கும் பார்க்க ஒரே மாதிரி, ஸ்டர்கம்ப் சமமில்லை என்கிறதே?

முதலில், இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிட்டீர்களா என்று பாருங்கள், அது இரண்டு பாயின்டரின் முகவரியைத்தான் ஒப்பிடும். அது இல்லையென்றால் நம்ம ஒகரம்தான் காரணமாக இருக்கும். 'கொழுக்கட்டை'யின் கொ இரண்டு விதமாக மெமரியில் இருக்கலாம். க, அப்புறம் ஒகரக் குறி ஒன்றே ஒன்று, ஆக 6 பைட். இல்லையென்றால் க, கொம்பு, கால் என்று மூன்று குறியாக 9 பைட். திரையில் வித்தியாசமே தெரியாது, இரண்டும் ஒன்றுதான் என்று யூனிகோடும் சொல்கிறது, ஸ்டர்கம்ப் பாவம் பைட்டைத்தானே பார்க்கும். ஒப்பிடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றவேண்டும். யூனிகோட் வேலைகளுக்கான ஐசியூ லைப்ரரி செய்யும், ஆனால் சின்ன போர்டுக்கு அது யானை. தமிழுக்கு ஒ, ஓ, ஔ மூன்று குறி மட்டும்தானே, கையாலேயே மாற்றி எழுதலாம், ஔ என்ற தனி எழுத்தையும் சேர்த்தால் நாலு. முப்பது வரிக்கு மேல் போகாது.

இதில் எந்த லைப்ரரியும் பிடிக்காத ஒன்று உண்டு. 'கௌரி'யை நிறையப் பேர் க, கொம்பு, ள என்று தட்டுகிறார்கள். ள தனி எழுத்து, ஔகாரக் குறியின் துண்டு இல்லை, ஆகவே கணினிக்கு அது வேறு சொல். வாடிக்கையாளர் பட்டியலில் ஒரே கௌரி இரண்டு முறை இருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

அகர வரிசைப்படி அடுக்கினால் தப்பாக வருகிறது.

ஸ்டர்கம்ப் யூனிகோட் எண் வரிசையில் அடுக்கும், அது நம்ம நெடுங்கணக்கு இல்லை. யூனிகோடில் ன, நவை ஒட்டி இருக்கிறது, ற, ரவை ஒட்டி இருக்கிறது, ள, ழ இரண்டும் வவுக்கு முன்னால். அதனால் மனகோலம் முதலிலும் மரவள்ளி சிப்ஸ் பிறகும் வரும், அகராதியில் நேர்மாறு. லொக்கேலை, அதாவது மொழி அமைப்பை, தமிழுக்கு மாற்றிவிட்டு அந்த மொழி வரிசையில் ஒப்பிடும் ஸ்டர்கோல் பயன்படுத்தினால் சரியாகும், ஆனால் சின்ன போர்டுகளில் இருக்கும் மஸ்ல் லைப்ரரியில் ஸ்டர்கோல் என்பது ஸ்டர்கம்ப்புக்கு இன்னொரு பெயர் மாதிரிதான். அங்கே எழுத்துக்கு ஒரு வரிசை எண் கொடுத்து அட்டவணை போட்டுக்கொள்வதே வழி.

மேற்கோளுக்குள் எழுதிய ஸ்டிரிங்கில் ஒரு எழுத்தை மாற்றினால் புரோகிராம் செத்துவிடுகிறது?

பாயின்டரில் வைத்தீர்கள் என்றால் அது மூல ஸ்டிரிங்கையே காட்டும், பொதுவாக அது படிக்க மட்டும் அனுமதி உள்ள மெமரியில் இருக்கும். அர்ரேயில் வைத்தால் உங்களுக்கென்று ஒரு நகல், தாராளமாக மாற்றலாம். மாற்றப்போவதில்லை என்றால் கான்ஸ்ட் போட்டு வையுங்கள்.

ஃபங்ஷனுக்குள் அர்ரே செய்து திருப்பி அனுப்பினால் சில நேரம் சரியாக வருகிறது, சில நேரம் குப்பை.

கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு பந்தலுக்குள் வைத்த சாமானைத் தேடுகிறீர்கள். சில நேரம் அங்கேயே கிடக்கும், அதுதான் இதில் மோசம், டெஸ்ட் பண்ணும்போது சரியாக வந்து கடையில் வைத்த அன்றைக்குக் குப்பை வரும். கூப்பிடுகிறவர் பஃபரையும் அளவையும் கொடுக்கட்டும், நீங்கள் அதில் எழுதுங்கள்.

ஒரு வரியைப் படிக்க கெட்ஸ் பயன்படுத்தினால் கம்பைலர் திட்டுகிறது. லேப் நோட்டில் அதுதானே இருக்கிறது?

லேப் நோட்டைக் கிழித்துப் போட முடியாது, புரிகிறது. ஆனால் 2011ல் வந்த சி11 தரத்திலிருந்தே கெட்ஸை நீக்கிவிட்டார்கள். பஃபர் எவ்வளவு பெரிது என்று அதற்குச் சொல்ல வழியே இல்லை, ஒரு வரி எவ்வளவு நீளமாக வந்தாலும் எழுதிக்கொண்டே போகும். 1988 நவம்பர் 2ஆம் தேதி கிளம்பிய மோரிஸ் புழு இணையத்தில் பரவ எடுத்துக்கொண்ட வழிகளில் ஒன்று இதே கெட்ஸ்தான். யார் லாகின் செய்திருக்கிறார்கள் என்று சொல்லும் ஃபிங்கர் சேவையில் 512 பைட் பஃபர், புழு அனுப்பியது 536. எஃப்கெட்ஸ் போடுங்கள், வரியின் கடைசியில் வரும் புதுவரிக் குறியை நீங்களே நீக்கிக்கொள்ளவேண்டும், அது ஒன்றுதான் தொல்லை.

ஸ்டிரிங்கைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் ஸ்டர்டாக்?

மூல ஸ்டிரிங்கையே வெட்டி நல் போட்டுவிடும், எங்கே விட்டோம் என்பதைத் தனக்குள் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளும். ஒன்றுக்குள் ஒன்றாகக் கூப்பிட்டால் கலங்கும். கடைசியில் 'ஆர்' என்ற எழுத்தைச் சேர்த்த ஸ்டர்டாக்கைப் பயன்படுத்துங்கள்.

மொய்ப் பட்டியலை ஒரே ஸ்டிரிங்காகச் சேர்த்தால் கடைசியில் மெதுவாகிவிடுகிறது.

ஒன்றின் கடைசியில் இன்னொன்றை ஒட்டும் ஸ்டர்கேட் போட்டிருப்பீர்கள். ஒவ்வொரு வரியைச் சேர்க்கும்போதும் முகப்பிலிருந்து பின்கதவு வரை மறுபடி நடக்கிறது. 1000 பேர், ஆளுக்கு 50 பைட் என்று வைத்தால் நடை மட்டும் ஏறக்குறைய இரண்டரைக் கோடி பைட். கடைசி இடத்தை ஒரு பாயின்டரில் ஞாபகம் வைத்துக்கொண்டு அங்கிருந்து எழுதினால் 50,000 பைட்டோடு வேலை முடியும்.

லேப்டாப்பில் பைட் 128க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்தால் எப்போதும் இல்லை என்றே வருகிறது, ஆனால் பில் மெஷினில் சரியாக ஓடுகிறது!

ஒரு பைட்டை வைக்கும் கேர் டைப் குறியுள்ளதா (மைனஸ் மதிப்பும் எடுக்குமா) இல்லையா என்பதைத் தரம் முடிவு செய்யவில்லை. இன்டெல் லேப்டாப்பில் ஜிசிசி கம்பைலர் அதைக் குறியுள்ளதாக எடுக்கும், 224 என்பது -32 ஆகிவிடும். ஏஆர்எம் சிப்பில் ஓடும் லினக்ஸில் குறியில்லாதது. ஒப்பிடுவதற்கு முன் அன்சைன்ட் கேராக மாற்றிக்கொள்ளுங்கள். எழுத்தா இல்லையா என்று பார்க்கும் ஈஸ்ஆல்ஃபா வகை ஃபங்ஷன்களுக்குக் கொடுக்கும்போதும் அப்படித்தான், மைனஸ் மதிப்பைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒன்று கூட்ட மறப்பதற்கு மருந்து என்றீர்களே?

ஜிசிசி, கிளாங் இரண்டு கம்பைலரிலும் அட்ரஸ் சானிடைசர் என்ற மெமரிக் காவல்காரன் இருக்கிறது. கம்பைல் செய்யும்போது அதற்கான ஃப்ளாக் ஒன்றைச் சேர்த்தால் போதும், ஹீப்பிலோ ஸ்டாக்கிலோ இருக்கும் பஃபரை ஒரே ஒரு பைட் தாண்டினாலும் ஓடும்போதே நிறுத்தி எந்த இடம் என்று காட்டும். ஆனால் ஒரே ஸ்டிரக்ட்டுக்குள் ஒரு கட்டத்திலிருந்து பக்கத்துக் கட்டத்துக்குள் கைவைத்தால், என் கிலோக் கதை மாதிரி, பொதுவாக அது பேசாமல் இருந்துவிடும். இதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள்.

இவ்வளவு தொல்லைக்கு வேறு மொழியில் எழுதினால் என்ன?

எழுதுங்கள். ரஸ்ட் மொழியில் ஸ்டிரிங் தன் நீளத்தைத் தானே வைத்திருக்கும், குறியின் நடுவில் வெட்டினால் அங்கேயே நின்றுவிடும், குப்பை வெளியே போகாது. ஆனால் தமிழ் எழுத்துக் கணக்கு அங்கேயும் உங்கள் தலையில்தான். காரைக்குடியின் நீளம் கேட்டால் ரஸ்ட் 30 என்கும், பைத்தான் 10 என்கும். எனக்குத் தெரிந்து நேரடியாக 5 என்பது ஸ்விஃப்ட். அதை பில் மெஷினில் ஓட்டுங்கள் பார்க்கலாம்.

பழகுவதற்கு ஒரு கணக்கு கொடுங்கள்.

ஒரு ஸ்டிரிங்கையும் அதன் பைட் அளவையும் வாங்கி, எத்தனை தமிழ் எழுத்து என்று சொல்லும் ஃபங்ஷன் எழுதுங்கள். தொடர்ச்சி பைட்டையும் ஒட்டுக்குறியையும் எண்ணாமல் தாண்டினால் வேலை முடிந்தது. கந்தரப்பத்துக்கு 7, மனகோலத்துக்கு 5 வரவேண்டும். அது சரியாக வந்த பிறகு, 'ஸ்ரீ' என்று தொடங்கும் கடைப்பெயர் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள், செக்காலை ரோட்டில் இறங்கி நடந்தால் கண்ணில் படும். கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரியும் ஸ்ரீயை உங்கள் ஃபங்ஷன் இரண்டு என்று சொல்லும், 12 பைட் பிடிக்கும். அதை ஒன்றென்று வைப்பதா, இரண்டென்று வைப்பதா என்று முடிவு பண்ணிக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.